பொன்னி அரிசி

"தசைக்கு மேலயா, கீழயா?" என்றார் டாக்டர்,
அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்,
கிழக்குப் பார்த்த மனையா வடக்கா என்பதுபோல்.
மேலே வைத்தால் ஒல்லி உடம்பில் ஓரம் தெரியும்.
கீழே வைத்தால்
பளு தள்ளும்போதெல்லாம் பக்கவாட்டில் விலகும்.
"எத்தனை கிலோ தள்றீங்க?"
ஐம்பத்தஞ்சுங்க.
பேனாவை மூடிவிட்டு என் கைகளைப் பார்த்தார்.

திருப்பூரில் எனக்கு அளவு சோதிக்கும் வேலை.
ஓடுகிற பெண்களுக்கான உள்ளாடை,
நாளுக்கு எழுநூறு உருப்படி, டென்மார்க்குக்கு.
மாதிரியை நானே மாட்டிப் பார்த்தால்
துணி முன்னால் நிற்கும்,
உள்ளே காற்று.

யாருக்காகடி என்றாள் கோகிலவாணி.
பதில் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.
அவள் கேட்ட நேரம்
வாயில் நூல் இருந்தது.

வெட்டுத்துணியில் இரண்டு பை தைத்தேன்.
பக்கத்துக்கு இருநூற்றைம்பது கிராம் பொன்னி.
விடியுமுன் ஆண்டிபாளையம் குளத்துக் கரையில்
ஏழு கிலோமீட்டர்.
முதல் சுற்றில் யாரோ கூடவே ஓடிவந்தார்கள்.
இரண்டாவதில் தோள்பட்டை முனகியது.
அப்புறம் எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை,
நாய் துரத்தியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்,
அரிசி சிந்திவிடுமென்று.

மறுநாள் ஐம்பது கிராம் குறைத்தேன்.
அதற்கு மறுநாள் இருபது கூட்டினேன்.

தை கழிந்து மாவட்டப் போட்டி.
அதுக்கப்புறம் தேதி குடுங்க என்றேன்.
"ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது,
தண்ணிக் குடம்கூட."
கத்தி என்றபோது வராத பயம்
அப்போது வந்தது.

பையில் இருந்ததை
மூன்று தண்ணீர் களைந்து உலையில் போட்டேன்.
ரசத்துக்கு நன்றாகத்தான் இருந்தது.