அலமாரியின் இடது கதவு

வாசலில் சோதனை எந்திரம்.
பைகள் நுழையும் அதில்; கதவு நுழையாது.
காவலர் சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன்.
"இது என்னம்மா?"
கதவு என்றேன்.
"எதன் கதவு?"
என் மகனின் துணி அலமாரி. இடது பக்கம்.

அபர்டேரிலிருந்து கார்டிஃப் வரை
எம்ரிஸின் மீன் வண்டியில் வந்தது.
மேலே ஈரச் சாக்கு. அந்த வாடைதான் இது,
பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெதினுக்கு ரத்தம் உறையாது.
என் வழியில் போன குறை.
பெற்றவள் என்று யாராவது என்னைச் சொன்னால்
தரையைப் பார்ப்பேன்.
முட்டி வீங்கி, பள்ளிக்கூடம் பாதி நாள் போய்,
ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனை ஒரு பெட்டி தந்தது.
சின்னக் குப்பிகளில் வெள்ளைத் தூள்.
வெண்ணெய்க்குப் பக்கத்தில் வையுங்கள் என்றார்கள்.
இனி இவன் மரம்கூட ஏறலாம் என்றார் டாக்டர்.
ஒரு குப்பிக்குள் எத்தனை ஆயிரம் பேர் ரத்தம் என்று
சொல்லவில்லை. எந்தச் சிறையில்,
என்ன விலைக்கு என்றும்.

குலுக்கக்கூடாது.
உள்ளங்கைச் சூட்டில் மெல்ல உருட்ட வேண்டும், நுரைக்காமல்.
நர்ஸ் சொல்லித்தந்தபடி
இரண்டு முறை கை கழுவிவிட்டு
நான்தான் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில்,
ரேடியோவில் தேவாலயப் பாட்டு ஓட ஓட,
நான்தான்.

குப்பிக்கு இரண்டு சீட்டு, தொகுதி எண்ணோடு.
ஒன்று மருத்துவமனை ஏட்டுக்கு.
மற்றதை அவன் கேட்டு வாங்கிக்கொள்வான்.
ஒன்பது வயசு.
ரக்பிக்காரர்களின் படங்களுக்கு நடுவே
கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டே போனான்,
தேதியைக் கோணல் எழுத்தில் போட்டு.
ஓரிடத்தில் "இன்றைக்கு அழவில்லை".
அலமாரி பாழாகிறதே என்று கத்தியிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் போனான்.
சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று
கையுறை போட்ட ஒருவர் தெருவில் நின்று சொன்னார்,
பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி.

ஏட்டைக் கேட்டு எழுதினேன்.
முதல் உறையில்: வெள்ளத்தில் நனைந்துவிட்டது.
எட்டு வருஷம் கழித்து வந்த உறையில்:
விதிமுறைப்படி அழிக்கப்பட்டது.
நனைந்ததா, எரிந்ததா என்று திருப்பிக் கேட்டேன்.
அதற்கு உறையே வரவில்லை.
நான் இரண்டு முறை கழுவிய கை.
அவர்களுக்கு ஒரு தடவை போதுமாயிருந்தது.

போன வாரம் கீலைக் கழற்ற
முழங்காலில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்.
அடி வரிசையில்
ஒரே ஒரு எண்ணைச் சுற்றி பென்சில் வட்டம்.
பக்கத்தில் எழுத்தில்லை. கேள்விக்குறிகூட இல்லை.
அதற்கப்புறமும் பதினான்கு சீட்டு.
பதினான்கு ஞாயிறு
சட்டைக்கையைச் சுருட்டி
என்னிடம் கையை நீட்டியிருக்கிறான்,
தெரிந்துகொண்டு,
எனக்குத் தெரியாதிருக்கட்டும் என்று.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
திருகாணி கையில் இருக்க
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீதிபதி அவர்கள் படிக்கட்டும்.
கண்ணாடி வேண்டுமானால் என்னுடையதைத் தருகிறேன்,
அவன் எழுத்து பொடி.
பணம் தருவதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள்.
தரட்டும்.
எனக்கு அந்த வட்டத்துக்குள் இருக்கும் எண்ணை
யாராவது உரக்க வாசிக்க வேண்டும்,
அதை வாங்கியவர் பெயரோடு,
அனுப்பச் சொன்னவர் பெயரோடு.

எழுத்தர் ஒரு அட்டையைக் கட்டுகிறார்: சான்று நாற்பத்தொன்று.
எப்போது திருப்பி வேண்டும் என்கிறார்.

சீக்கிரம், ஐயா.
திருகாணிகள் நாலும் என் பையில் இருக்கின்றன.
அங்கே அலமாரி பாதி திறந்து கிடக்கிறது.
அவன் சட்டைகளில் தூசி விழும்.