ஊடை தீர்ந்த சத்தம்

ராத்திரி பத்துக்குத் தொடங்கிய பேக்கப்
விடியற்காலை ஐந்தரைக்கு
நாற்பத்தொரு சதவீதம்.
ஐந்து ரோட்டில் முதல் டவுன் பஸ் திரும்பிவிட்டது.
எட்டுக்கு ஸ்கேன் சென்டர் திறக்கும்.

டேப் டிரைவ் பழசு, மாத்திடுங்க மேடம் என்கிறார்
சென்னையிலிருந்து பெலிக்ஸ்
கொட்டாவிக்கு நடுவே.
மாற்றினோமே, மாசியில்.
புதுசுக்கும் இதே நடைதான்.

ரேக்குக்குப் பின்னால் போய்
ஏ.சி. இரைச்சலுக்குள் காதை வைத்தேன்.
ஓடுகிறது. நிற்கிறது.
கொஞ்சம் பின்னால் உருண்டு
விட்ட இடம் தேடி
மறுபடி ஓடி, நிற்கிறது.

குகையில் குடியிருப்பவள் நான்.
பக்கத்து வீட்டு விசைத்தறி நொண்டினால்
தூக்கத்திலேயே தெரியும்
உடைந்ததா, நூல் இல்லாமல் நாடா
வெறுமனே அலைகிறதா என்று.
இது ஊடை தீர்ந்த சத்தம்.

டிஸ்க் பக்கம் வந்தேன்.
ஒரே ஃபோல்டரில் எழுபது லட்சம் கோப்புகள்,
எல்லாம் கட்டைவிரல் அளவுப் படங்கள்:
டோக்கன் எண்ணோடு
கேமராவைப் பார்க்கத் தெரியாத முகங்கள்.
ஒவ்வொரு முகத்துக்கும்
கதவைத் திறந்து, பேர் கேட்டு,
வைரஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து,
கதவைச் சாத்தி.
இப்படி ஊட்டினால்
எந்த டேப்தான் ஓடும்.

எவன் போட்டான் இதையெல்லாம் இங்கே?
ஃபோல்டர் பெயர்: தற்காலிகம்.
உருவாக்கியவர்:
மா. செங்கொடி.
நான்தான்.
நாலு வருஷம் ஆகிறது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?
புது டிரைவுக்கு ஆர்டர் போட்டுடட்டுமா?"

வாயைத் திறந்துவிட்டேன்.
பின்னால் டேப்
நின்றுகொண்டிருக்கிறது.