மாற்று

பாபு ராவ் தெருவில் என் கடை
ஒன்றரை ஆள் அகலம்.
ஒரு ஆள் நான். அரை ஆள் பிரிண்டர்.
பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
எழுதிக் கொடுத்தவருக்கு அப்போது சிறுநீரகக் கல்;
வலியோடு எழுதியதில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது.
வருகிறவர்கள் படித்துச் சிரிக்கிறார்கள்.
வருகிறார்கள் அல்லவா, போதும்.

கம்பெனி கார்ட்ரிட்ஜ் ஆயிரத்து நானூறு.
உள்ளே ஒரு தேக்கரண்டிதான் தேறும்.
லிட்டர் கணக்குப் பார்த்தேன் ஒருநாள்,
குடியாத்தம் பக்கம் மனை விலை
கேட்டாவது பார்க்கலாம் போல வந்தது.

ஆகவே ஊசி.
பத்து மில்லி, நீடில் நீளமாக.
மருந்துக்கடையில் யாருக்கு என்று
இப்போது கேட்பதில்லை.
லேபிளை உரித்தால் மூன்று ஓட்டை.
எதில் எந்த நிறமென்று பல்குச்சி சொல்லும்.
பஞ்சு குடிக்கிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.
அவசரப்பட்டால் நீலம் வழிந்து சிவப்பில் இறங்கும்,
அப்புறம் அன்றைக்கு வருகிற எல்லா முகமும்
நாவற்பழம் தின்ற முகம்.

தப்ரேஸுக்கு ராணிப்பேட்டையில்
தோல் சாயக் கம்பெனி வேலை.
சாம்பிள் பாட்டிலில் மிஞ்சியதை
டிபன் பையில் கொண்டுவருவான்.
"ஆட்டுத்தோல்ல புடிக்கறது
பேப்பர்ல புடிக்காதா தரணி?"
பிடித்தது. ரோஜா நன்றாகவே பிடித்தது.
நீலம் லேசாக நாறியது.
மஞ்சள் ஒரு வாரம் ஓடிவிட்டு
கத்திரி வெயிலில் நாசிலுக்குள் உறைந்துகொண்டது.

பிரிண்டருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.
இது அசல் அல்ல, தொடரலாமா
என்று திரையில் கேட்கும்.
தொடரலாம்.
மறுபடி கேட்கும்.
தொடரலாம், அப்பனே, தொடரலாம்.

மால்டாவிலிருந்து நிர்மலேந்து மண்டல்,
வயது நாற்பத்தாறு. கல்லீரல்.
கண்ணும் நகமும் ஒரே நிறம்.
பக்கத்தில் மனைவி ஷிப்ரா,
கொடுக்கப்போவது அவள்தான்.
மாற்று உறுப்புக் குழுவின் விண்ணப்பத்துக்கு
இரண்டு பேரும் சேர்ந்த படம், எட்டு காப்பி.
மஞ்சள் சேலையை நீவிவிட்டுக்கொண்டு
ஸ்டூலின் பாதியில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்த தாளில்
அவர் கண் சுண்ணாம்பு வெள்ளை.
கன்னத்தில் கொஞ்சம் ரோஜா.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கிளம்பியவர் மாதிரி.
மஞ்சள் அடைத்திருக்கிறது என்று
அப்போதுதான் உறைத்தது எனக்கு.
அப்புறம்தான் அவள் சேலையைப் பார்த்தேன்.
வெள்ளை.
கரையிலிருந்து முந்தானை வரை.

"கலர் தப்பு, கிழிச்சிட்டு வேற போடறேன்."
தாளின் மறுமுனையை விடவில்லை அவள்.
லாட்ஜில் கற்ற தமிழில் சொன்னாள்:
"இது நல்லா, தாதா. இது அவரு."
அவள் பார்த்தது இடது பாதியை மட்டும்.
நான் வலது பாதியின் மேல் கட்டைவிரலை வைத்தபடி
எட்டையும் வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கே திரும்பி வந்தாள்.
ஆளும் படமும் ஒத்துப்போகவில்லையாம்.
வெந்நீரில் நாசிலை ஊறப்போட்டு
டிஷ்யூவில் ஒற்றி, ஒற்றி, திரும்ப ஒற்றி,
பதினோராவது ஒற்றலில் ஒரு கோடு மஞ்சள்.
அவருக்கு நோய் திரும்பியது.
அவளுக்குச் சேலை திரும்பியது.
இதைப் போல நிம்மதியாக
ஒரு மோசமான படத்தை நான் அச்சடித்ததில்லை.

நாற்பது ரூபாய் கொடுத்தாள்.
பழைய எட்டில் ஒன்றை மட்டும்
ஸ்கேனுக்கும் பில்லுக்கும் நடுவே வைத்துக்கொண்டு,
எத்தனை நாள் இருக்கும் இந்தக் கலர், என்றாள்.
அவள் தலைக்குப் பின்னால் சுவரில்
தையில் நான் ஒட்டிய மாதிரிப் படம்:
ஒரு குடும்பம், நீல நிறத்தில் மட்டும் மிச்சம்.
"வெயில் படாம வெச்சுக்குங்க," என்றேன்.

விரலில் ஏறிய மஞ்சள் போகவில்லை.
சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்.
நாலாம் நாளும் சோற்றில் கை வைக்கும்போது
நகக்கண்ணில் அவர்.
தப்ரேஸிடம் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"தோலுக்குன்னு செஞ்சதுதானேடா அது."