நிற்கிற காருக்கு ஒரு விலை

ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள்.
அதனால்தான் ஆடியில் போனேன்.
பணகுடி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
காற்று என்னை ஒரு பக்கமாகவே தள்ளியது.
துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தேன்.
பைக்குள் ஓர் எக்ஸ்ரே உறை,
உறைக்குள் அட்வான்ஸ் ஐம்பதாயிரம்.

லூர்து மிக்கேலின் மாட்டுக்கொட்டகையில் நின்றது அது.
இரண்டே கதவு. மஞ்சள்.
பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி
அதைவிட உயரம்.

காற்றாலைக்காரன் ஒருத்தன்
நிலத்துப் பாக்கிக்கு ஈடாக விட்டுப்போனதாம்.
'பணத்தைத் தாரும்னா இதைத் தந்துட்டுப் போயிட்டான்.
மூணு வருசமா நிக்கு.
குனிஞ்சு ஏறணும், தவழ்ந்து இறங்கணும்.
என் முட்டி செத்துப்போச்சு, டாக்டர்.'
கூரையில் மிளகாய் வத்தல் காயப்போட்ட தடம்
வட்டமாக, சிவப்பாக.
அடிவயிற்றில்
ஊரின் அத்தனை வேகத்தடைகளும் கீறி வைத்திருந்தன.

நான் பெருமாள்புரத்தில் பல் பார்க்கிறவள்.
இருபது வருடமாக அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே இருக்கிறேன்.
விரல் கணுவால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்.
இடது கதவில் சத்தம் மாறியது.
'இங்கே அடைச்சிருக்கு.'
'ஆமா, புட்டி. களக்காட்டு ரோட்டுல ஒரு புளியமரம்.'
'மரம் வந்து மோதிச்சா?'
'நாந்தான் போனேன்.'

அந்தப் பதிலுக்கே பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம் போலிருந்தது.
கொடுக்கவில்லை.
ஒன்பது என்றார். ஆடி என்றேன்.
'எங்களுக்கு ஏது தாயி ஆடி?'
'வாங்குறது நானுல்லா.'
கன்றுக்குட்டி மூத்திரம் பெய்து முடிப்பதற்குள்
ஏழே காலுக்கு வந்துவிட்டோம்.

ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.
வேட்டியைத் தொடைக்கிடையில் செருகிக்கொண்டு
தன் பொருளுக்குக் காவலாக அவரும் ஏறினார்.

நாலுவழிச் சாலை. காவல்கிணற்றுப் பக்கம்.
இரண்டாவது கியரில் தொண்டையைச் செருமியது.
மூன்றாவதில் பேச ஆரம்பித்தது.
முள் நூறைத் தொட்டபோது
இரண்டு பக்கமும் காற்றாடிகள்
சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரிந்தன.
லூர்து மிக்கேல் பிடித்திருந்த கைப்பிடியை விட்டார்.
'ஏ அம்மா' என்றார்.
பயந்த குரல் இல்லை அது.
'இதுக்குள்ள இதெல்லாமா கெடந்துச்சு!'

கொட்டகைக்குத் திரும்பிய பிறகும் அவர் இறங்கவில்லை.
எஞ்சின் அணைந்து
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
உறையை நீட்டினேன்.
வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்,
நிஜமாகவே ஓர் எலும்பு தெரியும் என்பதுபோல.
பிறகு என் மடியில் வைத்தார். 'தப்பா எடுத்துக்கிடாதிய.'
'ஏழே கால் பேசினோம்லா?'
'அது நிக்கிற காருக்குப் பேசினது.'

கோபம் வந்தது, வராமல் என்ன.
ஐந்து ஞாயிறு விளம்பரங்களைப் புரட்டியிருந்தேன்,
வண்டி நிறுத்த வேப்பங்கிளையை வெட்டியிருந்தேன்,
அக்காவிடம் இன்னும் சொல்லாமல் இருந்தேன்.
நஷ்டஈடு மாதிரி ஒரு சீப்பு மட்டிப்பழம் தந்தார்.
மறுக்கவும் தெம்பில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்.
நாங்குநேரிக்கு முன்னால், பின்னாலிருந்து ஓர் அலறல்.
குனிந்து பார்த்தேன்.
மஞ்சள் கூரை, நடுவே சிவப்பு வட்டம்,
பஸ்ஸின் இடுப்பை உரசுவதுபோல முந்திப் போனது.
இரண்டாவது கியரிலேயே கதறக் கதற.

'மூணாவதைப் போடுங்க' என்று கத்தியேவிட்டேன்.
என் இடது கால் பஸ்ஸின் தகரத் தரையில்
இல்லாத கிளட்சை அழுத்திக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.
ஒரு பழம் உரித்துக் கொடுத்தேன்.