மூன்று மில்லிமீட்டர்

வீரிங்கர்மேர். கடலை இறைத்துவிட்டு எடுத்த தரை.
அணைக்கு அப்பால் நீந்தும் மீனின் வயிறு
இங்கே நடப்பவன் தொப்பிக்கு மேலே.

செவ்வாயும் வியாழனும்
சைக்கிளில் வருவாள் சிட்ஸ்கே.
குழாயின் மூடி திறந்து நாடாவை இறக்குவாள்.
நாடா முனையில் குழிந்த பித்தளை மணி;
நீரைத் தொட்டதும் 'ப்ளக்'.
அந்தச் சத்தத்துக்கு ஓர் எண்,
எண்ணுக்கு ஒரு கட்டம்.

செவ்வாய்: தரைக்குக் கீழே எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
புதன் இரவு தூறல், மூன்றே மில்லிமீட்டர்.
சாலைப் புழுதிகூட முழுசாய் அடங்கவில்லை.
வியாழன்: முப்பத்தொன்பது.

அலுவலகத்தில் ஹில்பிராண்ட்
சிவப்பு மசியில் கேள்விக்குறி போட்டார்.
"மூன்றுக்கு நானூற்று முப்பதா?
எவனோ குழாயில் வாளி கவிழ்த்திருக்கிறான்."

உருளைக்கிழங்கு வயலின் வோப்கோ
சத்தியம் எதுவும் செய்யவில்லை.
கீழிருந்து ஒரு பிடி மண் தோண்டிப் பிழிந்து காட்டினார்.
ஒரு சொட்டும் விழவில்லை.
"ஈரம் இருக்கு. தராது."

தராது.
அந்தச் சொல்லோடு வீடு வந்தாள்.
காலையில் வாய்க்காலில் தோய்ந்தது
கால்சட்டையின் ஓரம் மட்டும்.
ஈரம் இப்போது முழங்காலில் இருந்தது.

அதுதானா?

நீருக்கு மேலேயும் நீர்.
துகளுக்கும் துகளுக்கும் நடுவே
மயிரிழை இடுக்குகளில் தொற்றி ஏறி,
தரையின் தோல்வரை வந்து
விழாமல் தொங்கும் நீர்.
குழாய் அதை அறியாது, அதன் வாய் அகலம்.
மேலே ஒவ்வொரு துளையிலும்
உள்வாங்கிய ஒரு சின்னப் பிறை;
பிடி அங்கே.
தூறல் பிறைகளை நிரப்பித் தட்டையாக்கியது,
அவ்வளவே.
பிடி தளர்ந்தது.
தொங்கிய நீரெல்லாம் நின்ற நீராயிற்று.
புதிதாய் வந்தது கொஞ்சம்தான்;
மற்றதெல்லாம் முன்பே அங்கே இருந்தது,
எங்கள் கட்டங்களில் பெயரில்லாமல்.

நிறைகுடம் தளும்பாதுதான்.
ஒரு பொட்டுக் குறைந்த குடத்தைப் பற்றி
யாரும் சொல்லிவைக்கவில்லை.

நாலு நாள் காய்ந்த காற்று. எண் மறுபடி எண்பது.
வோப்கோவின் பூவாளியால்
குழாயைச் சுற்றி, குழாய்க்குள் அல்ல,
தூறல் அளவுக்குத் தெளித்தாள்.
மணியை இறக்கியவர் ஹில்பிராண்ட்.
நினைத்ததற்கு வெகு முன்பே
ப்ளக்.
நாடாவை இழுத்துத் துடைத்து
இன்னொரு முறை இறக்கினார்.

சிவப்புக் கேள்விக்குறி இன்னும் அழிபடவில்லை.
பக்கத்தில் பென்சிலில், வேறு கையெழுத்தில்:
'வாளி இல்லை'.

அடுத்த செவ்வாய் வோப்கோ கேட்டார்,
"டிராக்டர் இறக்கலாமா?"
"எழுபத்தெட்டு," என்றாள் சிட்ஸ்கே.
பிறகு, "ஆனால் அது நீர் எங்கே என்று மட்டும்தான் சொல்லும்."

மேற்கே ஒரு மேகம்,
தொப்பி எடுக்கவும் தகுதியில்லாத மேகம்.
வோப்கோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
டிராக்டரைத் திருப்பினார்.