ஆடிக் கணக்கு

ஆடி எனக்கில்லை,
என் கடைக்கு உண்டு.
புதுவயலில் இந்த மாதம்
யாரும் ஜாக்கெட் அளவு கொடுக்க வருவதில்லை.
மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் திரும்பினால்
வெட்டுமேசைக்கு அடியில்
அரிசி மில்லிலிருந்து வந்த மூன்று சாக்கும்
வாய் பிதுங்கி உட்கார்ந்திருக்கின்றன.
ஒன்றில் கைக்குழி வெட்டிய பிறைகள்.
ஒன்றில் கழுத்து வெட்டிய அரைவட்டங்கள்.
மூன்றாவதில் என்னவென்று எனக்கே தெரியாது.

பதினோரு வருஷத் துண்டுகள்.
கரித்துணிக்குக்கூட ஆகாது என்கிறார் வீட்டில்.
ஆகாதுதான்.

பீரோவில் நான்கு போர்வைகள்
பாதியில் கிடக்கின்றன.
மேல்முகம் மட்டும் ஒட்டியது இரண்டு.
நடுவே பழைய வேட்டி வைத்துக்
குண்டூசியோடு மடித்தது ஒன்று;
ஊசிகள் துருப்பிடித்துத்
தாமாகவே ஒரு டிசைன் போட்டிருக்கின்றன.
நாலாவதற்கு ஓரப்பட்டி மட்டும் பாக்கி.
மட்டும் என்றால்
மூன்று வருஷம்.

தொடங்குவதில் நான் கெட்டிக்காரி.
இரண்டு துண்டை அருகருகே வைத்ததும்
மூன்றாவது தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.
முடிக்கிற இடத்தில்தான்
வெளியே யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும்.
'இந்த ஆடி முடிய
ஒரு முழத் துணிகூடப் புதிதாய் வாங்குவதில்லை'
என்று அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி
சபுரா என்று கையெழுத்தும் போட்டேன்.

ஆறுக்கு ஏழடியை விரிக்க
என் கடையில் தரை இல்லை.
பூட்டிய பெரிய வீட்டைக் காக்கிற சோலையப்பன்
ஒரு மணி நேரத்துக்குக் கதவைத் திறந்தார்.
ஆத்தங்குடிக் கல்லின் கோட்டில்
போர்வையின் ஓரத்தை வைத்தேன்.
கல் காட்டிக்கொடுத்துவிட்டது:
ஒரு மூலை இரண்டு விரற்கடை ஓடியிருக்கிறது.
இந்தக் கல்லைப் பதித்தவன் பிசகாதவன்.
அல்லது பிசகியதை
அலமாரிக்கு அடியில் பதித்துவிட்டுப் போனவன்.

அன்றைக்கென்று தேனம்மை வந்திருந்தாள்,
சென்னையிலிருந்து, மேல்மாடி ஒழுகலைப் பார்க்க.
செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தவள்
மயில்கழுத்து நிறச் சதுரத்தின் மேல்
விரல் வைத்து நின்றாள்.
"இது என்னுது."
மார்பு முப்பத்திநான்கு, கை ஒன்பது,
தை பத்துக்குள் அவசரம் என்று
அடிக்கோடு போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.
தை பத்தும் வந்தது.
கூலியை யாரிடமோ கொடுத்தனுப்பினார்கள்.
ஜாக்கெட்டை யாரும் கேட்கவில்லை.

"எடுத்துடுங்கக்கா."
ஏன் என்று கேட்கவில்லை.
அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன்.
நான்கு பக்கமும் விட்டதும்
உள்ளே இருந்த வேட்டி
ஜன்னலைத் திறந்தாற்போல் வெள்ளையாய்த் தெரிந்தது.

கடைவரை கூடவே வந்தாள்.
மூன்றாவது சாக்கில் முழங்கைவரை விட்டுத்
துழாவி எடுத்தாள் ஒரு கட்டம்போட்ட துண்டை.
சட்டையா, பாவாடையா, தலையணை உறையா?
"யாரோடது?"
உருட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.
"அப்ப இதையே வைங்க."

வைத்தேன். அந்த வரிசையிலேயே
பொருந்தாத நிறம் அதுதான்.
கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான்.

கோணலை வெட்டி நேராக்கி
ஓரப்பட்டி மடித்துக் கைத்தையல் போட்டேன்.
ஆடி இருபத்தொன்பதில் கடைசி முடிச்சு.
நூலைப் பல்லால் கடித்தபோது
கேட்க யாருமில்லாத அந்தச் சின்னச் சத்தம்
எனக்குப் பிடித்திருந்தது.
வெட்டிய கோணல் துண்டு
இரண்டு விரல் அகலம், ஏழடி நீளம்.
தூக்கி எறியத்தான் போனேன்.
சாக்கில் போட்டேன்.

பாக்கி மூன்று.

மயில்கழுத்துச் சதுரத்தை
அவளும் எடுத்துப்போகவில்லை, நானும்.
நேற்று சோலையப்பன் இடுப்பில் பார்த்தேன்,
பதினெட்டுச் சாவிகளில்
வாசல் சாவி எதுவென்று தெரிய
அதில் முடிந்து வைத்திருக்கிறார்.