பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

கால்கரியில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
கடன் விண்ணப்பத்தில் தொழில் கேட்டிருந்தார்கள்.
தவளைக்குப் பெயர் வைக்கிறேன் என்றாள் ஹல்யா ஓனிஷ்சுக்.
வங்கிக்காரர் சிரிக்காமல்
‘இதர’ கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

அவள் சொன்னதும் முழுச் சரியில்லை.
தவளைக்கு அல்ல, தவளையின் மரபணுக்களுக்கு.
அதிலும் இந்தத் தவளைக்கு ஏறக்குறைய எல்லாமே இரண்டு.

நுணலும் தன் வாயால் கெடுமாம்;
இதற்கு நாக்கே கிடையாது.
தண்ணீருக்கடியில் டிக் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
கெடவில்லை, பெருகியிருக்கிறது.
ஒன்றே முக்கால் கோடி ஆண்டுக்கு முன்
ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு குட்டையில்
சேரக்கூடாத இரு சாதித் தவளைகள் சேர்ந்தன.
பஞ்சாயத்து எதுவும் கூடவில்லை.
பிறந்த பிள்ளை இரு வீட்டுச் சாமானையும்
ஒரு கரண்டி விடாமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டது.
அந்த இரண்டு வீட்டையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை.
குரோமோசோம்களில் நீள வரிசை ஒரு வீட்டுச் சீர்,
குட்டை வரிசை மற்றதன் சீர்.
நீளத்துக்கு எல். குட்டைக்கு எஸ்.
நமக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால்;
இதற்குப் பின்னால், ஒரு புள்ளி வைத்து.

பெயர் மட்டும் மனிதனிடமிருந்து இரவல்.
மனிதனில் இது எது என்று கண்டுபிடிக்க
முகஜாடை போதாது. ஒன்றுவிட்ட ஜாடைகள் ஏமாற்றும்.
ஹல்யா அக்கம்பக்கம் விசாரிப்பாள்:
இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார்,
மூன்றாம் வீட்டு வாசல் எந்தத் திசை.
முப்பத்தைந்து கோடி ஆண்டு பிரிந்து வாழ்ந்தும்
தவளையிலும் மனிதனிலும் சில தெருக்கள்
அதே வரிசையில் நிற்கின்றன.

இன்று திரையில் இருப்பது பெத்திசோ.
சிலியில், வால்திவியாவில், ஓர் ஆய்வகம் வைத்த பெயர்.
அது இல்லாத தலைப்பிரட்டைகள் வளரவில்லை;
குட்டையன் என்று கூப்பிட்டார்கள், அவர்கள் மொழியில், பிரியமாக.
மனிதனில் அதற்கு ஐந்து எழுத்து, ஓர் எண்,
வாயில் வைத்தால் மண் மாதிரி ஒரு பெயர்.
மாற்றப்போகிறோம் என்று எழுதினாள்.
நான்காம் நாள் ஏர்னெஸ்தினா பாசோவிடமிருந்து பதில்:
“பதினொரு வருடம் அதோடு இருந்தோம்.
பெயர் வைத்த பையன் இப்போது டாக்ஸி ஓட்டுகிறான்.
அவன் செய்ததில் மிச்சம் அந்த ஒரு சொல்தான்.
உங்கள் விதியில் அவனுக்கு இடம் எங்கே?”

ஹல்யா காபி போட்டாள், ஆறவிட்டாள்.
ஹாலிஃபாக்ஸில் ஒரு மருத்துவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:
வளராத குழந்தை ஒன்றின் ரத்த அறிக்கையில்
அந்த ஐந்து எழுத்து. அதை அவர் தேடினால்
வால்திவியாவின் தொட்டிவரை வழி இருக்க வேண்டும்.
பெத்திசோ என்று தேட அவருக்கு எப்படித் தோன்றும்?

மாற்றினாள்.
கீழே, ‘வேறு பெயர்கள்’ என்ற வரியில்,
பொடி எழுத்தில், பெத்திசோ.
அந்த வரியை யாரும் அழிக்க மாட்டார்கள் என்று
மாலையில் ஏர்னெஸ்தினாவுக்கு எழுதினாள்.
சமாதானமா, தெரியவில்லை. பதில் இல்லை.

பிறகு எஸ் பிரதியைத் தேடினாள்.
குட்டை வரிசையில் இடப்பக்கத்தார் இருக்கிறார்கள்,
வலப்பக்கத்தார் இருக்கிறார்கள்;
நடுவில் வீடு இல்லை. பெயர்ந்த அஸ்திவாரம்போல
அர்த்தமில்லாத நாலைந்து துண்டுகள்.
குட்டையனின் குட்டைப் பங்கு எப்போதோ இடிந்துவிட்டது.

ஒன்றுதானே மிச்சம், இனிஷியல் எதற்கு என்றான்
அடுத்த மேசை லியாந்தர்.
தனியாய் நிற்பதற்கும் எல் உண்டு, அது விதி என்றாள்.
புள்ளி வைத்தாள். எல் வைத்தாள்.
இன்னொன்று இருந்தது என்று
அந்தப் புள்ளிக்குத் தெரியும்.

வெளியே மலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று இறங்கி
வண்டிகளின் மேல் பனி சொட்ட ஆரம்பித்திருந்தது.
வரிசையில் இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம்.